யாரும் சொல்லாத பேர்

என் பாஸ்வேர்டை இந்த ஊரில் ஒருத்தராலும் கண்டுபிடித்திருக்க முடியாது. இதை இப்போதும் கொஞ்சம் திமிரோடுதான் சொல்கிறேன். அந்தக் காலத்திலிருந்து என்னிடம் மிச்சம் இருப்பது அந்தத் திமிர் ஒன்றுதான்.

சின்ன காஞ்சிபுரத்துக்கு ஈமெயில் வந்த புதிது. கோயிலிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு பட்டுப்புடவைக் கடையின் மாடியில் பிரவுசிங் சென்டர் திறந்தார்கள். செங்குத்தான படி. செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு ஏற வேண்டும். மேலே பிளைவுட் அடைத்த ஆறு தடுப்புகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு திரைச்சீலை, உள்ளே ஒரு கம்ப்யூட்டர். டெலிபோன் லைன் கிடைத்தால் நெட் உண்டு. மழை பெய்தால் கிடையாது. பிள்ளையோ மாப்பிள்ளையோ வெளிநாட்டில் இருக்கிற வீட்டுப் பெரியவர்கள் மூச்சு வாங்க ஏறி வந்து, அங்கே உட்கார்ந்திருக்கிற பெண்ணிடம், என் பேரனுக்கு ஒரு லெட்டர் அடித்துக் கொடும்மா என்பார்கள். அந்தப் பெண் முசரவாக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள், சர்ச்சுக்குப் போகிற குடும்பம். பொறுமை என்றால் அப்படி ஒரு பொறுமை. சென்டரே அவள் கையில்தான் இருந்தது.

எங்கள் தெருக்காரர்களின் பாஸ்வேர்டு எல்லாம் எனக்கே தெரியும். பெருமாள் பேர். இல்லாவிட்டால் தாயார் பேர். ரொம்பக் கெட்டிக்காரர்கள் பெருமாள் பேரோடு 123 சேர்த்துக்கொள்வார்கள். ஊருக்கே ஒரு பெருமாள், ஊருக்கே ஒரு பாஸ்வேர்டு. அதையும் சத்தமாகச் சொல்லிச் சொல்லி அடிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மாமா, இதை மாற்றுங்கள், எவனாவது உள்ளே புகுந்துவிடுவான் என்று ரிட்டையரான ஒரு தமிழ் வாத்தியாரிடம் ஒருநாள் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அவர் பேர் இருக்கற எடத்துல திருடன் வருவானோ?" என்றார். தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அப்போது எனக்கு முப்பத்தொன்று. கல்யாணம் ஆகவில்லை. ஜாதகத்தில் ஏதோ என்றார்கள். அந்த எரிச்சலை இங்கே கிளற வேண்டாம். அப்பா தவறிப்போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. அண்ணா சென்னையில் ஒரு அரசாங்க ஆபீசில் வேலை, ஒற்றை ரூம் வீடு, மனைவி, கைக்குழந்தை. வீட்டில் நானும் அம்மாவும்தான்.

நான் யாருக்கும் தெரியாமல் ஒரு வேலை செய்துகொண்டிருந்தேன். கணக்கில் ஆராய்ச்சி செய்ய வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அத்தனையும் ஈமெயிலில். அதனால்தான் அந்த அக்கவுண்டை அப்படிக் காத்தேன். பாஸ்வேர்டுக்கு ஒரு பகா எண்ணை எடுத்துக்கொண்டு, அதன் வர்க்கமூலத்தில் புள்ளிக்குப் பின்னால் வருகிற இலக்கங்களையும் நடுநடுவே ஆங்கில எழுத்துகளையும் கோப்பேன். ஏகாதசிக்கு ஏகாதசி மாற்றுவேன். பட்டினி கிடக்கிற நாளில் மூளை தெளிவாக இருக்கும், மறக்காது என்று எனக்கு ஒரு எண்ணம். எங்கேயும் எழுதிவைக்க மாட்டேன். அடிக்கும்போது திரையை இழுத்துவிட்டு, இடது கையால் கீபோர்டை மறைத்துக்கொள்வேன். அந்த சென்டர் பெண் பார்த்துவிட்டுச் சிரிப்பாள்.

அக்கவுண்டு திறக்கும்போது ஒரு ரகசியக் கேள்வி கேட்பார்கள். பாஸ்வேர்டு மறந்துபோனால் பிறந்த தேதி, ஊர் பின்கோடு, அந்தக் கேள்விக்குப் பதில், மூன்றையும் சொன்னால் புதுப் பாஸ்வேர்டு கிடைக்கும். கேள்வியை நாமே எழுதிக்கொள்ளலாம். நான் எழுதியது: அப்பாவின் அப்பா பேர் என்ன?

ஏன் அது என்றால், எங்கள் வீட்டில் அந்தப் பேரை யாரும் சொல்வது கிடையாது. அம்மாவுக்கு அது மாமனார் பேர். நாக்கில் வரக்கூடாது. புருஷன் பேரையும் மாமனார் பேரையும் சொல்லாமலேயே குடித்தனம் நடத்தி முடித்தவள் அவள். ரேஷன் கடையில் கேட்டால் கூடப் போன என்னைப் பார்ப்பாள், நான் சொல்வேன். தாத்தா எனக்குத் தாத்தாதான். என் கையெழுத்தில் அவர் கிடையாது, அப்பாவின் ஒற்றை எழுத்துதான். வெள்ளி தங்கம் என்று எங்களிடம் பெரிதாக எதுவும் கிடையாது. வீட்டில் பத்திரமாக இருந்த ஒரே பொருள் அந்தப் பேர்தான் என்று எனக்குத் தோன்றியது. கணக்கு டீச்சர் இல்லையா, எல்லாப் பக்கமும் யோசித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

ஒரு பங்குனி மாதம் அந்தப் பதில் வந்தது. கனடாவில் ஒரு பல்கலைக்கழகம் இடம் தருகிறது, உதவித்தொகையும் தருகிறது. படித்துவிட்டு நான் அழுதேன். திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, சத்தம் வராமல், புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில் அப்படி அழுதது அதுதான் முதலும் கடைசியும். வருகிறேன் என்று அப்போதே பதில் அடித்தேன்.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று மூன்று நாள் தவித்தேன். சொன்னதும் அவள், "போயிட்டு வா. எத்தனை நாள் இந்த ஆத்துலயே கெடப்பே?" என்றாள். அவ்வளவுதான். மறுநாளே துவரம்பருப்பை வறுத்து, பருப்புப் பொடி எத்தனை மாசம் கெடாமல் இருக்கும் என்று பக்கத்து வீட்டில் கேட்டுக்கொண்டிருந்தாள். கோயிலில் பார்க்கிறவர்களிடம் எல்லாம் என் பெண் கனடா போகிறாள் என்றாள். எனக்கே கூச்சமாக இருந்தது.

முகம் சுளித்தது அண்ணாதான். போனில், அம்மாவை யார் பார்த்துப்பா என்று கேட்டான். நீதான் என்றேன். தன் வீட்டில் கால் நீட்ட இடம் இல்லை என்றான். அதன்பின் நானும் எதையோ காட்டமாகச் சொல்லி வைத்துவிட்டேன்.

பள்ளிக்கூடம் இருப்பதால், ஏகாதசி சாயங்காலம் தவிர, சனிக்கிழமைதான் சென்டருக்குப் போவேன். விசாவுக்கான கடிதம் தபாலில் அனுப்புவதாக எழுதியிருந்தார்கள். அனுப்பிவிட்டார்களா என்று பார்க்க ஒரு சனிக்கிழமை போனால், பாஸ்வேர்டு தப்பு என்றது. மறுபடி அடித்தேன். தப்பு. பழைய ஏகாதசிப் பாஸ்வேர்டை அடித்தேன். அதுவும் தப்பு. எனக்கு மறதி வந்துவிட்டதா என்று என் மேலேயே கோபம். சரி போ என்று பிறந்த தேதி, பின்கோடு, தாத்தா பேர் எல்லாம் கொடுத்துப் புதுப் பாஸ்வேர்டு வாங்கி உள்ளே போனேன்.

ஒரே ஒரு புதுக் கடிதம் இருந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து. நான் வரவில்லை என்று தெரிவித்ததற்கு நன்றியாம். இடத்தைக் காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டார்களாம். என் தாயார் நலமாக இருக்க வாழ்த்துகளாம். அதற்குக் கீழே, நான் எழுதியதாக மூன்று வரி. ஒவ்வொரு வரியின் முன்னாலும், வந்த கடிதத்தைத் திருப்பிக் காட்டும்போது ஈமெயில் போடுகிற அந்தக் கூரான குறி. வர இயலவில்லை. அம்மா தனியாக இருக்கிறார். இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடவும். ஆங்கிலத்தில்தான், இரண்டு இடத்தில் 'கைண்ட்லி' போட்டு.

நான் எழுந்து திரையைப் பிடித்து இழுத்ததில் கம்பியோடு கையில் வந்துவிட்டது. என் அக்கவுண்டை யார் திறந்தது என்று அந்தப் பெண்ணிடம் கத்தினேன். மற்ற ஐந்து திரைகளும் விலகி ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். என்னென்ன பேசினேன் என்று முழுக்க ஞாபகம் இல்லை. உங்களை எல்லாம் நம்பினேன் பார் என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது. அந்த 'உங்களை எல்லாம்' யாரைச் சொன்னது என்று அவளுக்கும் புரிந்தது, எனக்கும் தெரியும். அவள் தலையைக் குனிந்துகொண்டு, தெரியல மிஸ், தெரியல மிஸ் என்று அதையே சொன்னாள்.

கொஞ்சம் மூச்சு அடங்கியதும் யோசித்தேன். இவளுக்கு எங்கள் தாத்தா பேர் எப்படித் தெரியும்? தெரிய வழியே இல்லை. ஆகவே இவள் இல்லை. அவளை விட்டுவிட்டேன். விட்டது என் பெருந்தன்மை என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

படியிறங்கிச் செருப்பை மாட்டும்போதுதான் உறைத்தது. அந்தப் பேர் அண்ணாவின் பேர்.

எங்களில் தலைப்பேரனுக்கு அப்பாவின் அப்பா பேரைத்தான் வைப்பார்கள். அண்ணாவுக்கும் அதைத்தான் வைத்தார்கள். ஆனால் அம்மா அதைச் சொல்லிக் கூப்பிட முடியாது இல்லையா, மாமனார் பேர் ஆயிற்றே. அதனால் தொட்டிலிலிருந்தே அவன் அம்பி. அம்மாவுக்கு அம்பி, எனக்கு அம்பி அண்ணா, தெருவுக்கே அம்பி. அவன் சர்ட்டிபிகேட்டில் மட்டும் அந்தப் பேர் இருந்தது. சத்தியமாக எனக்கு நினைவுக்கே வரவில்லை. என் உயிரைப் பூட்டிய பூட்டின் சாவியை, சென்னையில் ஒரு ஆபீஸ் மேஜையில் பேர்ப்பலகையாக எழுதிவைத்திருந்தான் என் கூடப் பிறந்தவன்.

அதற்குமேல் எல்லாம் கணக்குப் போல வரிசையாக வந்து நின்றது. அவனுக்குப் பேர் தெரியும். என் பிறந்த தேதியும் ஈமெயில் விலாசமும் தெரியும். ஆபீசில் கம்ப்யூட்டர் இருக்கிறது. நான் போகக்கூடாது என்பதற்கு அவனுக்குத்தான் காரணம் இருக்கிறது. 'கைண்ட்லி' வேறு அச்சு அசல் அரசாங்க ஆபீஸ். வீட்டில் பாக்கி இருப்பது அம்மா ஒருத்திதான், அவள் அந்தப் பேரைச் சொல்லவே மாட்டாள்.

அடுத்திருந்த எஸ்.டி.டி. பூத்துக்குள் போய் அவன் பக்கத்து வீட்டு நம்பருக்கு அடித்தேன். அவன் வந்து எடுத்ததும் நான் கேட்ட கேள்வியில் திணறிப்போனான்.

"நான் பண்ணலைடி. அம்மாவ வச்சுக்க எடமில்லைன்னு சொன்னேன், அது நெஜம். உன் லெட்டர நான் தொடலை."

பொய் சொல்லாதே என்றேன். இனிமேல் நீ எனக்கு அண்ணா இல்லை, செத்தாலும் வராதே என்றேன். பூத்துக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றாள். "அவனை ஒண்ணும் சொல்லாதே. எல்லாம் பெருமாள் சித்தம்," என்றாள். அழுதாள். பிள்ளைப் பாசம், விட்டுக்கொடுக்க மாட்டாள் என்று அவள் மேலும் கோபம் வந்தது எனக்கு. பருப்புப் பொடியை இரண்டு பேருமாக ஒரு வருஷம் சாப்பிட்டுத் தீர்த்தோம்.

பல்கலைக்கழகத்துக்கு எழுதினேன். அதை எழுதியது நான் இல்லை, என் அக்கவுண்டுக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள் என்றேன். வருந்துகிறோம், இடம் போய்விட்டது, அடுத்த வருஷம் விண்ணப்பியுங்கள் என்றார்கள். விண்ணப்பித்தேன். இடம் உண்டு, பணம் கிடையாது என்று பதில் வந்தது. அதற்கடுத்த வருஷம் அம்மாவுக்கு முழங்கால் மடக்க முடியாமல் போனது. அப்புறம் நான் எழுதுவதை விட்டுவிட்டேன். முடிந்துவிட்டது என்று ஒருநாள் தெரியும், அவ்வளவுதான். யாரும் வந்து அறிவிப்பதில்லை.

பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் வந்தபோது, பிள்ளைகளுக்குப் பாஸ்வேர்டு பற்றிச் சொல்லிக்கொடுக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். பேர் வைக்காதே, பிறந்தநாள் வைக்காதே, யாரிடமும் சொல்லாதே என்று வருஷா வருஷம் கத்தினேன். அந்தப் பிள்ளைகளும் பெருமாள் பேர்தான் வைத்தார்கள்.

அண்ணாவோடு பேச்சு கிடையாது. அவன் பிள்ளைக்குப் பூணூல் போட்டபோது அம்மாவை பஸ் ஏற்றிவிட்டு நான் வீட்டிலேயே இருந்துவிட்டேன். அந்தப் பிள்ளைக்கு எங்கள் அப்பா பேர். அவனையும் அம்மா வேறு ஏதோ சொல்லித்தான் கூப்பிடுகிறாளாம்.

ஆறேழு வருஷம் போயிற்று. வீட்டுக்கு வீடு நெட் வந்தது, சென்டரில் கூட்டம் இல்லை. மூடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். பள்ளிக்கூட வேலையாக எதையோ பிரிண்ட் எடுக்க ஒரு சாயங்காலம் போனேன். அந்தப் பெண் தனியாக இருந்தாள். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது, இதுதான் இங்கே கடைசி வாரம் என்றாள். நல்லா இரு என்று சொல்லிவிட்டுப் படி வரைக்கும் வந்துவிட்டேன். பின்னாலேயே வந்தாள்.

"மிஸ், ஒண்ணு சொல்லணும். இத்தினி வருசமா நெஞ்சுல வச்சிக்கினு இருக்கேன். உங்க லெட்டர நான்தான் அடிச்சேன்."

நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் சொன்னது இதுதான். ஒரு பகல் வேளை, நான் பள்ளிக்கூடத்தில் இருக்கிற நேரம், எங்கள் அம்மா அந்தப் படியேறி வந்திருக்கிறாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்திருக்கிறாள், அம்மா குடிக்கவில்லை. என் பெண் மனசு மாறிவிட்டாள், அவளுக்கே எழுத வெட்கமாக இருக்கிறதாம், என்னை அனுப்பினாள் என்றிருக்கிறாள். அப்படியானால் பாஸ்வேர்டு சொல்லி அனுப்பியிருப்பாங்களே என்று இவள் கேட்டதற்கு, எனக்கு அதெல்லாம் நினைவில் நிற்கவில்லை, நீ எப்படியாவது திற என்றிருக்கிறாள். பெற்றவள் வந்து நிற்கும்போது முடியாது என்று எப்படிச் சொல்வது என்று இவள், தனக்குத் தெரிந்த என் ஈமெயில் விலாசத்தை அடித்து, திறக்கிற வழியைத் தேடியிருக்கிறாள். எதற்கும் இருக்கட்டும் என்று அம்மா என் ஜாதகத்தை மடியில் செருகிக் கொண்டுவந்திருக்கிறாள். அதில் இங்கிலீஷ் தேதியும் இருந்தது. அப்புறம் அந்தக் கேள்வி வந்திருக்கிறது.

"நான் படிச்சேன் மிஸ், அப்பாவோட அப்பா பேரு என்னன்னு. அவங்க ரொம்ப நேரம் பேசவே இல்ல. எழுதியாவது குடுங்கம்மான்னேன். கை நடுங்குது, எழுத வராதுன்னாங்க. அப்புறம் கண்ண மூடிக்கினு சொன்னாங்க. சொல்லிட்டு கன்னத்துல போட்டுக்கினாங்க. எனக்கு ஸ்பெல்லிங் தெரியல, ரெண்டு வாட்டி தப்பாச்சு. ஒவ்வொரு வாட்டியும் திரும்பச் சொன்னாங்க. மூணு வாட்டியும் கன்னத்துல போட்டுக்கினாங்க."

கடிதத்தை அம்மா தமிழில் சொல்ல, இவள் தனக்குத் தெரிந்த ஆபீஸ் ஆங்கிலத்தில் அடித்திருக்கிறாள். அந்த 'கைண்ட்லி' டைப்ரைட்டிங் கிளாஸ் 'கைண்ட்லி'. போகும்போது அம்மா, என் பெண்ணிடம் இதைப் பற்றிப் பேசாதே, பாவம் அழுவாள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அடுத்த சனிக்கிழமை நான் போட்ட கூச்சலில்தான் தான் செய்தது என்னவென்று இவளுக்கே தெரிந்திருக்கிறது. வேலை போய்விடும் என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டாள். மன்னிச்சிடுங்க மிஸ் என்று என் கையைப் பிடித்தாள். அன்றைக்கு அவளை நான் பேசிய பேச்சுக்கு நானும் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். கையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

அங்கிருந்து வீடு பத்து நிமிஷ நடை. அம்மாவை என்ன கேட்பது என்று நடந்துகொண்டே எத்தனையோ வாக்கியம் சேர்த்தேன். ஏன் என்று கேட்க வேண்டியதில்லை. பயந்திருப்பாள். மருமகள் வீட்டு ஒற்றை ரூமில் மூலையில் கிடந்து சாக வேண்டுமே என்று பயந்திருப்பாள். என்னிடம், போகாதேடி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் இருந்திருப்பேனோ என்னவோ. எனக்கு ஆத்திரம் எல்லாம் அம்பியை நினைத்துத்தான். இத்தனை வருஷமாக அவன் மேல் விழுந்ததை அவள் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அவனுக்கு நான் சில நாள் கழித்துப் போன் செய்தேன். கோபத்தில் என்னென்னவோ சொல்லிவிட்டேன் என்றேன். விடு என்றான். உண்மையை அவனிடம் இன்றுவரை சொல்லவில்லை. அம்மா மேல் எனக்கு இருந்தது போனது போதும், அவனுக்கும் போக வேண்டாம். ஆனால் அந்தப் பேச்சு அதன்பின் ஒட்டவே இல்லை, இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும்.

வீட்டுக்குள் போனபோது அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சாயங்கால விளக்குக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தாள். முழங்காலில் தைலம் வாசனை. ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டாள். சென்டருக்குப் போயிருந்தேன், மூடப்போகிறார்கள் என்றேன். அவள் திரித்துக்கொண்டே இருந்தாள்.

சேர்த்துவைத்த வாக்கியங்களில் ஒன்றும் வரவில்லை.

"அம்மா, தாத்தா பேர் என்ன?" என்று கேட்டேன்.

அவள் விரல் நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். நானும் பார்த்தேன்.

"நான் அந்தப் பேரச் சொல்லப்படாது. உனக்குத் தெரியாதா?" என்றாள். "கை கால் அலம்பிண்டு வா. காபி ஆறிப்போறது."

நான் கொல்லைப்புறம் போய்க் கை கால் அலம்பிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.